செவலை என்ற டைகரின் முன்னங்கால்

மதினி,

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இலை ஓரத்தில் கருப்பட்டி மிட்டாய் வைத்தார்கள். எல்லோரும் எடுத்துக் கடித்தார்கள். நான் மட்டும் அதை இரண்டாகப் பிட்டு, உள்ளே பார்த்துவிட்டு வாயில் போட்டேன். பக்கத்தில் இருந்த என் மருமகள், "என்னத்தத் தேடுதீங்க அத்தை, எறும்பா?" என்று கேட்டாள். "மாத்திரை" என்றேன். அவள் தன் மிட்டாயை அப்படியே இலையில் வைத்துவிட்டாள்.

அவளுக்கு இதை விளக்க முடியவில்லை. விளக்கத் தேவையில்லாத ஒரே ஆள் நீங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த மாத்திரை நாட்களில் நமக்குள் பேச்சு நின்று ஏழெட்டு வருஷம் இருக்கும். காரணம் மிளகாய் வத்தல். நான் மாடியில் காயப் போட்டிருந்த வத்தலில் உங்கள் வீட்டுக் கொடியில் கிடந்த ஈரச்சேலை சொட்டியது என்று நான் சொன்னேன். பிழிந்துதான் போட்டேன், சொட்ட வழியே இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னேன். நீங்கள் அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னீர்கள். அதோடு சரி. நம் வீட்டுக்காரர்கள் இருவரும் அன்று சாயங்காலமும் வழக்கம்போல் ஒன்றாகத்தான் டீக்கடைக்குப் போனார்கள். எனக்கு அதுதான் வத்தலைவிடக் காந்தியது.

ஆனால் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று முனிசிபாலிட்டிக்கே தெரியாத ஊர் இது. அந்தச் சமயத்தில்தான் அந்த நாய் வந்து சேர்ந்தது. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர், அதன் முடிவில் வேப்பமரம். அதன் அடியில் அது படுத்துக்கொண்டது. காலையில் உங்கள் வீட்டு இட்லி, ராத்திரி என் வீட்டுச் சோறு. நிறத்தைப் பார்த்து நான் செவலை என்று கூப்பிட்டேன். நீங்கள் டைகர் என்று வைத்தீர்கள். இரண்டுக்கும் அது வாலாட்டியது.

அதற்குப் பிறகு நமக்குப் பேச்சுக்குக் குறைவே இல்லை. "ஏலே டைகரு, குழாய்ல தண்ணி வந்துட்டு, இன்னும் தூங்குதாவளே, போய்ச் சொல்லு" என்பீர்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "ஏ செவலை, நாங்க ரெண்டு குடம் பிடிச்சாச்சுன்னு சொல்லு" என்பேன் இந்தப் பக்கமிருந்து. நாய் நடுவில் படுத்து, பேசுகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். உங்கள் மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததை எனக்குச் சொன்னது செவலைதான். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதை உங்களுக்குச் சொன்னது டைகர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம் அது நொண்ட ஆரம்பித்தது. வலது முன்னங்கால். முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. தெருவுக்குப் பின்னால் இருக்கும் கரிசல் காட்டில் கீரியைத் துரத்திக்கொண்டு ஓடும் நாய்தான், எங்காவது சுளுக்கியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு கால் ஊன்றவே மாட்டேன் என்றது. மணிக்கட்டுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு. தொட்டால் உறுமாது, நம்மைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது உறுமியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

மாட்டாஸ்பத்திரிக்கு இரண்டு பேரும்தான் கூட்டிக்கொண்டு போனோம். நீங்கள் ஒரு ஆட்டோ பிடித்து ஏற்றினீர்கள், நானும் ஏறிக்கொண்டேன். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், தஞ்சாவூர்ப் பக்கம்.

"நாய்க்குச் சொந்தக்காரர் யாரும்மா?"

"நான்தான்" என்றோம் இரண்டு பேரும்.

"பேரு?"

"செவலை" என்றேன். "டைகர்" என்றீர்கள். அவர் பேனாவை வைத்துவிட்டு நம்மை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சீட்டில் "செவலை என்ற டைகர்" என்று எழுதினார், போலீஸ்காரர் எழுதுவதுபோல.

"எத்தனை நாளா நொண்டுது?"

நீங்கள் குனிந்து நாயிடம், "டைகரு, பொங்கல் கழிஞ்சதுல இருந்தே லேசா நொண்டுச்சுன்னு சொல்லு" என்றீர்கள். நான், "செவலை, அப்படி இல்ல, பத்து நாளாத்தான்னு சொல்லு" என்றேன். பாவம் அந்த டாக்டர், நாய் என்ன சொல்லப்போகிறது என்று அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

காலை அமுக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "எலும்போட ஒட்டி வீங்கியிருக்கு. சாதாரணமாவும் இருக்கலாம். வயசான நாய், கெட்ட கட்டியாவும் இருக்கலாம். அப்படின்னா காலை எடுக்க வேண்டி வரும். எடுத்தாலும் எவ்வளவு நாள்னு சொல்ல முடியாது. ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நாய் நம் இருவர் மடியிலும் பாதிப் பாதியாகப் படுத்திருந்தது. வீடு வரும்வரை நீங்கள் டைகரிடம்கூட எதுவும் சொல்லவில்லை.

நம் ஊரில் அன்றைக்கு எக்ஸ்ரே என்றால் மனுஷனுக்குத்தான். பஜாரில் இருந்த எக்ஸ்ரேக்காரர் உங்கள் வீட்டுக்காரருக்குப் பழக்கம். "நாய்க்கு எடுத்தேன்னு தெரிஞ்சா ஒரு மனுஷன் உள்ள வரமாட்டான் அண்ணாச்சி. மத்தியானம் ஆளில்லாத நேரமா, மூடிக் கொண்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். உங்கள் பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி, உங்கள் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்குவதுபோல் தோளில் தூக்கிக்கொண்டார். போன இடத்தில், ஆளில்லாத நேரத்திலும் ஒரு ஆள் இருந்தது. இடுப்பு வலிக்காரப் பெரியம்மா ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளைக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"கை வீக்கம்" என்றீர்கள், கண் இமைக்காமல்.

"வயசு என்ன?"

"பத்து முடியப்போவுது."

அந்த நேரம் பார்த்து விரிப்புக்குள்ளிருந்து ஒரு பாதம் வெளியே நீண்டது. பெரியம்மா கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு உங்கள் வீட்டுக்காரரின் கையைப் பார்த்தார். அவருக்கு முழங்கை வரை ரோமம் கருகருவென்று இருக்கும். "அப்பன் வாகு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்களும் திரும்பினீர்கள். இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு, தோள் குலுங்க, ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்தோம்.

உள்ளே எக்ஸ்ரேக்காரர் பழக்கதோஷத்தில், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார். நாய் அதுபாட்டுக்கு மூச்சு விட்டது. நாம் நாலு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

படத்தைப் பார்த்த டாக்டர் தனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார். திருநெல்வேலியில் இருக்கும் பெரிய டாக்டருக்குக் கொடுத்தனுப்பினார். அவரோ வெளியூர் போயிருந்தார். வந்து பார்த்துச் சொல்லும்வரை வலிக்கு மாத்திரை: காலையில் அரை, ராத்திரி அரை.

அந்தக் காத்திருப்பை எப்படிக் கழித்தோம் என்று நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. வாசல்படி ஏற முடியவில்லை என்று நீங்கள் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டீர்கள். நாய் அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் படியிலேயே ஏறியது. நான் உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். அது கண்ணை மூடிக்கொண்டு சுகமாக வாங்கிக்கொள்ளும். நிறுத்தினால் நல்ல காலைத் தூக்கிக் காட்டும். என் வீட்டுக்காரர் பிரண்டையை அரைத்துப் பத்துப் போட்டார். அதை நக்கிவிட்டு ஒரு நாள் முழுக்க நாக்கை வெளியே வைத்துக்கொண்டு அலைந்தது. வீட்டுக்கு வந்தவரெல்லாம் ஒரு நோய் சொன்னார்கள். வாதம் என்றார் ஒருவர், கண்ணேறு என்றார் ஒருவர். நாய்க்கு யார் கண் வைப்பார்கள் என்று கேட்டால், "ரெண்டு வீட்டுச் சோறுல்லா" என்றார்.

மாத்திரைதான் பெரும்பாடு. சோற்றில் வைத்தால் சோறு போகும், மாத்திரை தட்டில் கிடக்கும். இட்லிக்குள் வைத்தாலும் அப்படியே. கடைசியில் கருப்பட்டி மிட்டாய்க்குள் செருகிக் கொடுத்தேன். ஒரே வாயில் விழுங்கியது. இந்த உபாயம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தோன்றியது என்று பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை நாய் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் காது மட்டும் லேசாக அசைந்தது. நாக்கு பக்கவாட்டில் தொங்கியது. செவலை, செவலை என்று நான் போட்ட சத்தத்தில் நீங்கள் வந்தீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. காலில் செருப்பில்லாமல், என் வீட்டு வாசல் வழியாக உள்ளே வந்தீர்கள். நாயின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தீர்கள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, நீயும் மாத்திரை குடுத்தியா?"

"குடுத்தேன். நீங்களுமா மதினி?"

"தனியா ஒரு அட்டை வாங்கி, மிட்டாய்க்குள்ள வச்சு ரெண்டு நேரமும் குடுத்தேன்."

"நானும் மிட்டாய்க்குள்ளதான்."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு நாம் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. அதற்கு மேல் பேச நேரமில்லை. ஆட்டோவில் நீங்கள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பாவி, ரெண்டு பக்கமும் வாங்கித் தின்னிருக்கே, ஒரு வார்த்தை சொன்னியால" என்று திட்டிக்கொண்டே அழுதீர்கள். அத்தனை சேதியைச் சுமந்த நாய், தன் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களாம்மா?" என்றார்.

"இப்பப் பேசிட்டோம்" என்றீர்கள்.

ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. நாய் பிழைக்குமா என்று தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல் நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். "அன்னைக்கு அந்தச் சேலை சொட்டல. நல்லாப் பிழிஞ்சுதான் போட்டேன்." நான் வாயைத் திறந்தேன். சொட்டியது, மதினி. நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதற்குள் நாய் ஒரு முனகல் முனகியது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அதனிடம் ஓடினோம். முழிக்கும்போது அது முதலில் யாரைப் பார்க்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு எண்ணம். உங்களுக்கும் இருந்தது, நீங்கள் முகத்துக்கு நேராகப் போய்க் குனிந்ததிலேயே தெரிந்தது. அது கண்ணைத் திறந்து, நம் இருவரையும் தாண்டி, மேசைமேல் இருந்த டாக்டரின் டிபன் கேரியரைப் பார்த்தது.

அந்த வாரக் கடைசியில் திருநெல்வேலியிலிருந்து பதில் வந்தது. கெட்ட கட்டி மாதிரித் தெரியவில்லை. உள்ளே ஏதோ கிடந்து சீழ் பிடித்திருக்கிறது, திறந்து பார்க்கலாம் என்று. திறந்தார்கள். சுண்டுவிரலில் பாதி நீளத்துக்குச் சீமைக்கருவேல முள். கீரியைத் துரத்திய இடத்தில் ஏறி, முறிந்து, எலும்போடு போய்ப் படுத்துக்கொண்டது. அதை நீங்கள் ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிவந்து தெரு முழுக்கக் காட்டினீர்கள். கண்ணேறு என்று சொன்னவர் வீட்டுக்கு மட்டும் இரண்டு தடவை போனீர்கள்.

செவலை அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தது. லேசான நொண்டல் கடைசிவரை போகவில்லை. நாமும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். சண்டையும் போட்டுக்கொண்டோம். ஆனால் சாயங்காலத்துக்குள் முடித்துக்கொண்டோம்.

பிறகு உங்களுக்கு வயிற்றில் வலி வந்தது. உங்கள் வீட்டுக்காரரால் நடக்க முடியாது. மகன் மறுநாள்தான் வர முடியும். மதுரைக்கு நான்தான் கூட வந்தேன். சதையில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், அன்றைக்கு முடிவு சொல்வார்கள். நீள வராந்தா, இரும்பு நாற்காலி, கூட்டம். நீங்கள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நோயாளி யார் என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

"மதினி, பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"அவிய சொல்லுத வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல, ஏட்டி. அதுவரைக்கும் செத்த நேரம் தூங்கிக்கிடுதேன்" என்றீர்கள். சொன்னபடியே என் இடது தோளில் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள். தூங்கினால் பரவாயில்லை. குறட்டை. எதிரே இருந்த ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டாள். கையைக் காட்டி, அடுத்த ஆளை அனுப்புங்க, நாங்க பிறகு வாரோம் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் உங்களைப் பார்த்தாள், வேறு பெயரைக் கூப்பிட்டாள். அப்படி இன்னும் இரண்டு மூன்று பேரை முன்னால் போகவிட்டேன். அவர்கள் சொல்லாதவரைக்கும் உங்களுக்கு ஒன்றுமில்லை அல்லவா?

தோள் மரத்துப்போனது. அசையவில்லை. அந்தக் கனம் அங்கேயே தங்கிவிட்டது, மதினி. நீங்கள் இல்லாத இன்றைக்கும் எங்காவது காத்திருக்க நேர்ந்தால், என்னை அறியாமல் இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் உட்காருகிறேன்.