நேற்று யார் ஊட்டினார்கள்?

11, சனி
காலையிலிருந்து தூறல். குழந்தைகளின் சாப்பாட்டு ஆய்வுக்கான வினாக்கொத்து, மறுபடி திருத்தம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை. 'நேற்று பிள்ளை என்னென்ன சாப்பிட்டது?' தாயிடம் மட்டும் கேட்க வேண்டும் என்பது ஆய்வை நடத்தும் டாக்டரின் கட்டளை. தாய்க்குத் தெரியாவிட்டால் என்று கேட்டேன். "தாய்க்குத் தெரியாததா?" என்று சிரித்தார். நாளை மாத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இந்தக் கேள்விகளுக்கு முதல் ஒத்திகை. குடைக்கம்பி உடைந்துவிட்டது, வேறு வாங்க வேண்டும்.

12, ஞாயிறு
செல்வி வீடு. சீகிரியா ஹோட்டலில் வேலை, அங்கேயே தங்கல். வாரத்தில் ஒரு நாள்தான் வீடு. எனக்குச் சற்று முன்தான் பஸ்ஸில் வந்திறங்கியிருந்தாள். மகன் பவனுக்கு ஒன்றரை வயது. புருஷனின் தங்கை கவிதாதான் பார்த்துக்கொள்கிறாள். அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

செல்வி மளமளவென்று சொன்னாள்: "காலையில ரொட்டி, பகலைக்கு சோறு பருப்பு, ஒரு முட்டை." தினமும் போனில் கேட்டுக்கொள்வாளாம். எழுதினேன்.

கவிதா தலையைக் குனிந்தபடி: "முட்டைய நான்தான் தின்னேன் அண்ணி. அவன் ரெண்டு மூணு நாளா வாயே தொறக்கல."

"போன்ல சாப்பிட்டான்னியே!"

"சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவீங்கன்னு அண்ணன்தான் சொல்லாதேன்னுச்சு."

செல்வி பிள்ளையைப் பிடுங்கினாள். உடம்பு நெருப்பு. வாய் முழுக்கப் புண். அழக்கூடத் தெம்பில்லை, துவண்டு கிடந்தான். பேனையை மூடினேன். த்ரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரி. சேலைன் ஏற்றுகிறார்கள்.

கேள்வி கேட்கப் போனேன். ஒரு வீட்டை உடைத்துவிட்டு வந்தேனா?

13, திங்கள்
டாக்டரிடம் சொன்னேன்: முதல் கேள்வி 'நேற்று யார் ஊட்டினார்கள்?' ஊட்டியவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். "நேரம் இழுக்கும்" என்றார். பிறகு, "எழுதிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்."

மாலை ஆஸ்பத்திரி. பவனுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. கவிதா வார்டுக்கு வெளியே. செல்வி உள்ளே விடவில்லையாம். என்னைப் பார்த்ததும், "மிஸ், நான் சொன்னத மேல குடுத்துட்டீங்களா? என்னைய புடிச்சிட்டுப் போவாங்களா?"

இல்லை என்றேன். நம்பவில்லை.

14, செவ்வாய்
வெயில். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம், போனேன். காய்ச்சல் விட்டிருக்கிறது. செல்வி கஞ்சிக் கிண்ணத்தோடு மன்றாடுகிறாள். பவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறான். வெகுநேரம். கடைசியில் செல்வி வாசலைப் பார்த்து, "ஏய், உள்ள வா. எங்கிட்ட வாங்க மாட்டேங்கிறான்."

கவிதா ஊட்டினாள். வாயைத் திறந்தான். செல்வி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.