இரண்டாம் மாடி வீட்டுக்காரம்மா

பிப்ரவரி 6, வியாழன்

தொண்டு நிறுவனத்தின் பயிற்சி வகுப்பு ஒருவழியாக முடிந்தது. சிரித்துக்கொண்டே பாடம் நடத்திய அந்தப் பெண்ணுக்குக் கன்னம் வலிக்காதா? "நாம உதவி பண்ணப் போகல, கூட இருக்கப் போறோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கூட இருப்பதற்கு எதற்கம்மா பயிற்சி? முப்பது வருடமாக ஒருத்தரோடு இருக்கிறேன், எனக்கு யார் வகுப்பெடுத்தார்கள்? பக்கத்து நாற்காலிக்காரர் எதற்கெடுத்தாலும் கண் கலங்கினார். இன்னொருத்தி பிஸ்கட் தட்டைக்கூட விடாமல் படம் எடுத்தாள். சேவை செய்கிறார்களாம்.

தெருவில் கிடந்து மீண்ட ஓர் அம்மாவுக்கு வாரம் ஒரு நாள் துணையாகப் போகப் போகிறேன் என்று வீட்டில் வந்து சொன்னால், இவர் செய்தித்தாளை விலக்காமலே, "பாவம் அந்தம்மா. தெருவுல பட்டது போதாதா?" என்கிறார். விண்ணப்பம் வாங்கி வந்ததே இவர்தான். ஓய்வுபெற்ற மனைவியை வாரத்தில் ஒரு நாளாவது வெளியே தள்ள அவ்வளவு அவசரம்.

பிப்ரவரி 13, வியாழன்

முதல் நாள். அந்த அம்மா பல வருடம் பஸ் நிலையத்தில் படுத்துக் கிடந்து, பிறகு மனநல மருத்துவமனையில் இருந்து வந்தவர். இரண்டாம் மாடியில் ஓர் அறையும் சமையலறையும் தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறது. கதவைப் பாதி திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன ஆளு எங்க?"

"அவங்களுக்கு ஏதோ வேலை வந்துடுச்சாம்."

"எல்லாருக்கும் வந்துடும்."

பெயர் கேட்டேன். பேர் சொல்லி மாத்திரைக்குக் கூப்பிட்டதெல்லாம் போதுமாம். "வீட்டுக்காரம்மான்னு கூப்பிடுங்க" என்றார். மகாராணிதான்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. நான் கழுவி வைத்த டம்ளரை எடுத்து என் கண்ணெதிரே மறுபடி கழுவினார்.

பிப்ரவரி 20, வியாழன்

மதியம் முழுக்க இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். இதற்கு இரண்டு பஸ் மாறிப் போகிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

கீழ்வீட்டுக்காரி படியில் மடக்கினாள். "நீங்க அவங்க நர்ஸா? தனியாப் பேசிக்கிட்டே படியேறுறாங்க. பயமா இருக்கு." சொன்ன கையோடு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, தனியாகப் பேசிக்கொண்டே இறங்கிப் போனாள். இவளைப் பார்த்து யார் பயப்படுவது?

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டமாம். வீட்டுக்காரம்மாவைக் காலி செய்யச் சொல்லப் போகிறார்களாம். இந்த வீடு போனால் மறுபடி மருத்துவமனை வார்டுதான், வேறு யாரும் வீடு தர மாட்டார்கள். அவரிடம் சொன்னேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 2, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்! கார் நிறுத்துமிடத்தில் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், என்னவோ நாட்டையே ஆளப் போவதுபோல. எழுந்தேன். "அவங்க குழந்தை மாதிரிங்க. ஒண்ணும் தெரியாது. நான் பாத்துக்கறேன், நான் பொறுப்பு" என்றேன். எல்லோரும் உருகிவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சினாள். செயலாளர் குரலைத் தணித்து, "பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். என்ன ஜனங்களோ, ஒரு சொட்டுக் கண்ணீருக்கு விலை போகிறார்கள்.

வீட்டுக்காரம்மா படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று பார்த்தேன். எழுந்து மேலே போய்விட்டார்.

மார்ச் 6, வியாழன்

கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ பாடுகிறது. மறுபடி தட்டினேன்.

"குழந்தை தனியா இருக்கு. வீட்ல பெரியவங்க யாரும் இல்ல."

அவர் குரல்தான்!

என்ன திமிர்! யாருக்காகப் போய்ப் பேசினேன்? எனக்கென்ன தலையெழுத்தா? கூரை தங்கினது யாரால? — இனிமே அந்தப் பக்கம் போனா என்னை ஏன்னு கேளு.

இவரிடம் கொட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். "என்னைப் பத்தியும் உங்க அண்ணன்கிட்ட அப்படித்தான் சொல்லுவே. இவருக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் நான்தான்னு. பக்கத்துலயேதான் உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

திறக்கவில்லை. படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

"அப்படிச் சொன்னது தப்புதான்" என்று மூடின கதவிடம் சொன்னேன். உள்ளே ரேடியோ நின்றது.

"அடுத்த கூட்டத்துக்கு நான் வரேன். நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

சரி என்றுவிட்டேன். வீட்டுக்காரம்மா பாட்டுக்கு எதையாவது சொல்லி, அந்தக் கும்பல் மறுபடி கிளம்பினால்?

ஏப்ரல் 6, ஞாயிறு

தன் நாற்காலியைத் தானே தூக்கி வந்து, எல்லோருக்கும் முன்னால் போட்டு உட்கார்ந்தார். செயலாளர் அப்போதுதான் வண்டியைக் குறுக்கே நிறுத்திய மூன்றாம் மாடிக்காரரைக் கடித்துக் குதறி முடித்திருந்தார். இந்தப் பக்கம் திரும்பியதும் குழைந்துபோய், என்னிடம் கேட்டார்: "அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் இவ்வளவு கஷ்டமான வேலை எதுவும் செய்ததில்லை.

வீட்டுக்காரம்மா எழுந்தார். "என்னைக் கேளுங்க. காலையில மோட்டாரைப் போட்ட உடனே நிறுத்திடறீங்க. ரெண்டாவது மாடிக்குத் தண்ணியே ஏறல. வாடகை மட்டும் குறையவா செய்யுது?"

மோட்டார் போடுவதே செயலாளர்தான். முகம் சிவந்துவிட்டது. "இந்த பில்டிங்ல ஆளாளுக்கு எனக்கு முதலாளி! அவ்வளவு அவசரம்னா நீங்களே வந்து போட்டுக்கங்கம்மா!" என்று கத்தினார்.

"போடறேன். சாவியக் குடுங்க!" வீட்டுக்காரம்மாவும் கத்தினார்.

"அந்தம்மா சொல்றது சரிதானே, எங்களுக்கும்தான் வரல" என்று மூன்றாம் மாடிக்காரர் சேர்ந்துகொண்டார். அப்புறம் ஒரே கூச்சல். காலி செய்வதைப் பற்றி யாருக்கும் ஞாபகமே வரவில்லை.

பின்னாலேயே படியேறினேன். கதவருகே நின்று திரும்பினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"என்னை எப்படித் திட்டினான் பாத்தீங்களா?" என்றார். "செருப்பை வெளியே விட்டுட்டு உள்ள வாங்க."