கீழ் வரிசையில ஒரு இடம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் நலம்னு ஆரம்பிச்சுத்தான் பழக்கம், இந்தத் தடவை அந்த எல்லாரும்ங்கிற சொல் கைக்கு வரமாட்டேங்குது. நான் இருக்கேன், உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா, அந்த வேலையிடத்துல இன்னும் நின்னுக்கிட்டேதான் வேலை பாக்க வைக்கிறாங்களா, கால்வலி எப்படியிருக்குன்னு தெரியல. ஃபோன் பண்ணினா நீ எடுக்கல, நானும் விடாம அடிச்சு அடிச்சு உன்னை இன்னும் கோபப்படுத்த வேண்டாம்னு நிறுத்திட்டேன். அதான் காகிதம். இதைப் பாதியில கட் பண்ண முடியாது பாரு.

வீட்டுச் சங்கதின்னா பெருசா ஒண்ணுமில்ல. உன் அத்தை வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து சமையலறையை அடுக்கி வச்சிட்டுப் போறா, அவ போனதும் எனக்கு ஒரு டம்ளர்கூட அகப்படமாட்டேங்குது. நான் திரும்ப வேலைக்குப் போறேன். அந்த ஏழு மாடி ஜவுளிக்கடை லிஃப்ட் மறுபடியும் மூணாவது மாடியில நின்னு அடம் பிடிக்குது, முதலாளி என்னைத்தான் கூப்பிடுறார், வேற யார் பேச்சும் அது கேக்காதாம். முப்பது வருஷமா லிஃப்ட்டோட மல்லுக்கட்டுறவன், மேல எது கீழ எதுன்னு தெரியாம போயிடுச்சே எனக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வளைக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சட்டை எடுக்க உங்க அம்மா அலமாரியைத் திறந்தேன். இத்தனை நாளா அவ பக்கத்துக் கதவைத் தொடாமலேயே ஓட்டிட்டேன், அன்னைக்கு என் பக்கத்துல துவைச்ச சட்டை ஒண்ணும் இல்ல. அந்தக் கதவுக்கு உள்பக்கம், என்னோட லிஃப்ட் சோதனைப் படிவம் நாலைப் பசை போட்டு ஒட்டி, பின்பக்கத்துல பென்சிலால கட்டம் கட்டமா போட்டு வச்சிருக்கா. உன் வீடியோ கேம் கால்பந்து ஆட்டம்தான். அந்த முப்பத்திரண்டு பேர் பட்டியல்ல உன் பேர் வந்த அன்னைக்கே போட்டிருக்கணும், அதுக்கு அடுத்த வாரம்தானே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் சோதனைப் படிவத்தைக் காணோம்னு ஆபீஸ் பையனைத் திட்டினது இப்போ நினைச்சா வெக்கமா இருக்கு.

எவ்வளவு தெளிவா எழுதியிருக்கா தெரியுமா. உலகப் போட்டிக்கு யார் வேணும்னாலும் பேர் குடுக்கலாம், வீட்டுலேர்ந்தே முன்பின் தெரியாதவங்களோட ஆடணும், ஜெயிக்க ஜெயிக்கப் புள்ளி ஏறும், ஒரு மாசம் கழிச்சு முதல் இருநூறு பேரை மட்டும் எடுப்பாங்க. அவங்களுக்குள்ள மறுபடி ஆடவிட்டு முப்பத்திரண்டு ஆக்குவாங்க. அந்த முப்பத்திரண்டு பேரும் ஒரே நாள்ல மோதணும், ஒவ்வொரு மோதலுக்கும் ரெண்டு ஆட்டம், ரெண்டுலயும் போட்ட கோலைக் கூட்டிப் பாப்பாங்க. கடைசியில மிஞ்சுற ரெண்டு பேர் உலகப் போட்டிக்குப் போவாங்க. திரையில பந்து உதைக்கிறதுக்கு இவ்வளவு சட்டமான்னு நான் கேலி பண்ணுவேன், அவ முறைப்பா. உனக்கு அந்த ஆட்டத்துல வாலுன்னு பேர் வச்சதே அவதானே.

அந்தக் காகிதத்துல அடியில இன்னொரு கட்ட வரிசை இருக்கு. நீங்க அதை லோயர் பிராக்கெட்னு சொல்றீங்களாம், அவ கீழ் வரிசைன்னு எழுதியிருக்கா. ஒரு தடவை தோத்தா வெளிய போகமாட்டாங்க, கீழ் வரிசைக்கு வருவாங்க, அங்கேர்ந்து ஜெயிச்சு ஜெயிச்சு மேல ஏறலாம், அங்கயும் தோத்தாதான் முடிஞ்சுதுன்னு அர்த்தம். யாரோ நல்ல மனசுக்காரன் போட்ட விதின்னு பத்துத் தடவை சொல்லியிருப்பா, நான் ம்ம் கொட்டிக்கிட்டே பேப்பர் படிச்சிருப்பேன். அதுக்குப் பக்கத்துலேயே எனக்குன்னு சின்ன எழுத்துல எழுதியிருக்கா, இங்க வந்துட்டா பதறாதீங்க, இன்னும் இருக்குன்னு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டும் சொன்னா, அலமாரிக் கதவுல ஒட்டியிருக்கேன், ஆட்டத்தன்னைக்கு எடுத்துட்டு வாங்கன்னு. நான் துண்டு எடுத்தேன், ஃபிளாஸ்க் எடுத்தேன், அதை மறந்துட்டேன்.

அம்மா ஆஸ்பத்திரியில இருக்கிறதை உன்கிட்ட மூணு வாரம் மறைச்சதுக்கு நான் சாக்குச் சொல்லமாட்டேன். அவ கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினா, ஆட்டம் முடியுறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு. டாக்டரும் வீட்டுக்குப் போயிடலாம்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார். அன்னைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அவ போயிட்டா. உனக்கு ஆட்டம் நம்ம ஊர் நேரம் பதினொரு மணிக்கு. அத்தை உடனே சொல்லுண்ணான்னு அழுதா, நான்தான் அவளை அடக்கினேன். ரெண்டு மணி நேரம் அந்த நடைபாதை பெஞ்சுல ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து, அதுக்கப்புறம் உன் ஆட்டத்தைப் பாத்தேன். யாருக்கும் அந்த ரெண்டு மணி நேரம் வரக் கூடாதும்மா. வாலு ரெண்டு, எதிராளி மூணுன்னு வந்துச்சு. மேல இருந்த கட்டத்துலேர்ந்து உன் பேர் மறைஞ்சு போச்சு. சரி, முடிஞ்சுது, சத்தியமும் முடிஞ்சுதுன்னு உனக்கு அடிச்சேன். திரையை விரலால ஒரு சாண் மேல தள்ளியிருந்தா கீழ உன் பேர் இருந்திருக்கும், அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் இருபது நிமிஷம்னு போட்டிருக்கும். நான் தள்ளல.

அம்மா போயிட்டான்னு கேட்டதும் நீ நாற்காலியை விட்டு எழுந்துட்ட. ஆட்ட நேரம் வந்து பத்து நிமிஷத்துக்குள்ள தயார்னு அழுத்தாட்டி எதிராளிக்கு வாக்ஓவர், ஆடாமலேயே ஜெயிச்சதா கணக்குன்னு அம்மா காகிதத்துல கோடு போட்டு எழுதியிருக்கா, அதையும் செவ்வாய்க்கிழமைதான் படிச்சேன். நீ பறந்து வந்தும் முகம் பாக்க முடியல. நாலு நாள் இருந்த, போகும்போது ஒண்ணே ஒண்ணு சொன்ன. முன்னாடியே சொல்லியிருந்தா அம்மாவைப் பாத்திருப்பேன், பிறகு சொல்லியிருந்தா அவ ஆசைப்பட்டதை ஆடி முடிச்சிருப்பேன், ரெண்டும் இல்லாத நேரமா தேடிப் பிடிச்சீங்களேப்பான்னு. அப்போ எனக்கு அது முழுசாப் புரியல. நீ துக்கத்துல பேசுறேன்னு நினைச்சேன். இப்போ கட்டத்தை வச்சு விரலால தொட்டுத் தொட்டுப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன். நீ சொன்னது அத்தனையும் நிஜம். என்னை மன்னிச்சிடும்மான்னு கேக்குறதுக்குக்கூட எனக்கு ரெண்டு மாசம் ஆயிருக்கு.

அடுத்த வருஷப் போட்டிக்குப் பேர் குடுக்குற தேதி வந்திருக்குன்னு பாத்தேன். ஆடு, ஆடாம இரு, அது உன் இஷ்டம், அம்மாவுக்காகன்னு சொல்லி உன் தலையில நான் எதையும் ஏத்தமாட்டேன். காகிதத்தைக் கதவுலேர்ந்து எடுக்கல, எடுத்தா கிழிஞ்சிடும். முதல் கட்டத்துல மட்டும் உன் பேர் இருக்கு, ஜெயிக்கிறதுக்கு முன்னாடி எழுதக் கூடாதுன்னு மத்ததையெல்லாம் காலியா விட்டிருக்கா. பென்சிலும் அங்கேயே நூல்ல கட்டித் தொங்குது.

குளிர்ல காதை மூடிக்கிட்டு வேலைக்குப் போ, முட்டிக்கு அந்த எண்ணெயைத் தேய்க்க மறக்காதே. எந்த ஊர்ல இருந்தாலும் நீ நல்லாயிருக்கணும், நோய்நொடி உன்கிட்ட அண்டக் கூடாது, அம்மாவோட ஆசியும் சேத்துத்தான் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் ஒரு தடவை தோத்துட்டேன், என்னைக் கீழ் வரிசையில போட்டு வை, வெளிய அனுப்பிடாதே. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு ஃபோன் பக்கத்துல உக்காந்திருப்பேன். நீ பத்து நிமிஷத்துல வராட்டியும் இந்த வீட்டுல வாக்ஓவர் கிடையாது. அடுத்த ஞாயித்துக்கிழமையும் அங்கேயேதான் இருப்பேன்.

என்றும் உன் நினைப்பாவே இருக்கும்,
அப்பா