உண்ணாத உண்ணி

காட்டுமன்னார்கோயில்

அன்பு மருமகள் அனுப்பிரியாவுக்கு,

தாய்மாமன் தங்கராசு எழுதுவது. நானும் உன் அத்தையும் செவலைப் பசுவும் சுகம். நீயும் சுகம்தான், சிதம்பரத்தில் மேடையிலேயே பார்த்தேனே. போன் போட்டால் "அப்புறம் பேசறேன் மாமா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் அது பேசும்.

உன் ஆராய்ச்சியைக் கேட்க எங்கள் தெருவே வேன் பிடித்து வந்தது. நாலு பேர்தான் என்பாள் அத்தை, நம்பாதே. உண்ணிக்குள் வாழும் பாக்டீரியாவைப் பற்றி உலகத்தில் முதலில் பேசுவது என் மருமகள்தான், அதற்கு உண்ணி கொடுத்தது நான்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் திரையில் நன்றி என்று போட்டாய். கடலூர் சித்தப்பா இளவரசு பெயர் இருந்தது. சிப்காட் பக்கம் மேயும் அவர் ஆட்டின் படம்கூட இருந்தது. ஆடு சிரித்த மாதிரி எனக்குப் பட்டது. என் பெயர் இல்லை. "காட்டுமன்னார்கோயில் உண்ணிகளை உள்ளூர்க்காரர் ஒருவர் கெடுத்துவிட்டதால் நீக்கிவிட்டோம்" என்றாய். ஒருவர். என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவளுக்கு நான் ஒருவர்.

வீராணம் ஏரிக் கரைப் புல்லில் வெள்ளைத் துணியை இழுத்தால் பசித்த உண்ணி வந்து ஒட்டும் என்றாய். என் கல்யாணப் பட்டு வேட்டியையே கொடுத்தேன். பிடித்ததைப் பாட்டிலில் போட்டு, "பத்திரம் மாமா" என்று என்னிடம் விட்டுப் போனாய். உண்ணாததற்கு உண்ணி என்று எப்படிப் பெயர் வந்தது என்று நான் கேட்டதற்குச் சிரித்தாயே, நினைவிருக்கிறதா? நம் வீட்டுக்கு வந்த உயிர் பட்டினி கிடக்கலாமா? செவலை மேல் விட்டேன். ஆமணக்குக் கொட்டைமுத்து மாதிரி உப்பியதும், ஒன்றுகூடத் தவறாமல் எடுத்துப் பாட்டிலில் போட்டேன். திரும்பி வந்து பாட்டிலைப் பார்த்தாய். "சரி மாமா" என்றாய். மறுநாளே கடலூர் பஸ் ஏறிவிட்டாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூட்டம் முடிந்து உன் சிநேகிதி ஜான்சிதான் டீ வாங்கிக் கொடுத்து விளக்கினாள். பசித்த உண்ணிக்குள் இருப்பது வேறாம், ரத்தம் குடித்ததற்குள் இருப்பது வேறாம், ஊர் மாறினாலும் மாறுமாம். "பேரச் சொன்னா உங்களக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்னு அழுதா மாமா" என்றாள். நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கடலூரில் தங்கி சித்தப்பா வீட்டுக் கறிக்குழம்பு தின்றாய், உனக்கு உள்ளே இருந்ததும் மாறிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு தடவை எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஸ்ரீமுஷ்ணத்துக்கு பஸ் மாறிப் போயிருக்கிறாய். டீக்கடைக்காரர் சொன்னார். வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மழை பெய்து கரையில் புல் முழங்காலுக்கு நிற்கிறது. வேட்டியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பாட்டிலை அத்தையிடம் கொடு, என்னிடம் வேண்டாம். அதுகள் உண்ணாமலே கிடக்கட்டும். நீ மட்டும் நம் வீட்டில் உண்ணாமல் போகாதே அம்மா.

நீ நன்றாயிருக்க வேண்டும் என்று வேண்டும்
உள்ளூர்க்காரர் ஒருவர்,
உன் மாமன்
தங்கராசு