வேலிக்கு அந்தப்பக்கம்

பண்ணைக்காடு, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷைலாவுக்கு, யேசுவின் அருளால் நானும் அம்மாவும் நலம், அயர்லாந்துக் குளிரில் ஆஸ்பத்திரி வேலையோடு நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை, காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

உன்னைப் பெண் கேட்டிருக்கும் ரெக்ஸின் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியிலிருந்து நேற்று வந்தார்கள். அவர்கள் மாடிவீட்டைப் போட்டோவில் பார்த்ததிலிருந்து நம் தகரக் கூரை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டிலேயே சமைக்கிறேன் என்ற அம்மாவை அதட்டி அடக்கிவிட்டு, வெள்ளையடிப்பு நடக்கிறது, கால் வைக்க இடமில்லை என்று அவர்களிடம் வாய் கூசாமல் சொல்லி, பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். சில்வர் ஓக் நிழலில் மேசை, மண்சட்டியில் பட்டர் பீன்ஸ் குழம்பு, சௌசௌ கூட்டு, மலைப்பூண்டு ஊறுகாய், எல்லாம் ஒவ்வொன்றாக, ஆற அமர வந்தது, நம் வீடென்றால் அதற்குள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்போம். ரெக்ஸின் அம்மா கூட்டை மறுபடி கேட்டு வாங்கி, இது எந்த ஊர்க் காய் என்று கேட்டார். அங்கே சமைக்கும் வேலுத்தாய் வெளியே வந்து, உன் அம்மாவைக் காட்டி, "எந்த ஊரா? அண்ணி வெள்ளனே பறிச்சுக் குடுத்ததுங்க. இந்தா, வேலிக்கு அந்தப்பக்கம் தகரம் தெரியுதுல்ல, அதான் இவங்க வீடு. ஏண்ணே, கையெட்டுற தூரத்துல வீட்ட வச்சுக்கிட்டு விருந்தாளிய இங்கயா கூட்டியாருவீங்க?" என்று சிரித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சுவரில் போன வருஷத்துப் பாசி அப்படியே இருந்தது. ரெக்ஸின் அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "தகரத்துல மழை விழுந்தா பேச்சே கேக்காதாம், நீங்க மூணு பேரும் சைகையிலயே பேசிச் சிரிப்பீங்களாம், ஷைலா சொல்லிச் சொல்லி எங்களுக்கே மனப்பாடம். அந்த வீட்டப் பாக்கத்தான் வந்தோம்ணே" என்றார். நீ பெருமையாகச் சொன்ன வீட்டை நான் ஒளித்துவைத்திருக்கிறேன். அப்போதாவது வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தலையே நிமிரவில்லை. மேகம் இறங்குகிறது என்று அவர்கள் கார் ஏறிப் போய்விட்டார்கள். வெட்கமாக இருக்கிறது மகளே.

எனக்காக நீ சமாதானம் எதுவும் சொல்லாதே. நாளைக்கு நானே போன் செய்து, வெள்ளையடிப்பு பொய் என்று சொல்லி, வீட்டுக்குக் கூப்பிடப் போகிறேன். திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். வந்தால் அம்மா சமைப்பாள், கூரை இப்படியேதான் இருக்கும். மாதா உன்னைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மறக்காமல் ஒன்று, அவர்கள் வரும் நாளில் இங்கே நல்ல மழை பெய்ய வேண்டும் என்று ஒரு ஜெபம் சொல்லிக்கொள்.

தலைகுனிந்த உன் அப்பா,
அடைக்கலம்