வெள்ளை தெரியாத முடிச்சு

786

பேகம்பூர், திண்டுக்கல்
3-7-1957

என் அன்பு மச்சான் அவர்களுக்கு, சர்புன்னிசா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் ஆரிபாவும் சுகம். நீங்களும் சுகம் என்று கார்டில் எழுதியிருக்கிறீர்கள், நம்பிக்கொள்கிறேன். நான்கு மாதத்தில் மூன்று கார்டு, கார்டுக்கு நான்கு வரி. மெட்ராஸ் பெரியமேட்டுத் தோல் மண்டியில் மைக்கு அம்புட்டுப் பஞ்சமா?

ஆரிபாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அத்தா என்று கூப்பிட்டால் காற்றுதான் வருகிறது. விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்து, அத்தா வந்தால் காட்ட வேண்டும் என்று என் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

சொல்ல வந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். நேற்று மேட்டுப்பட்டிக்கு, இன்னாசியம்மாள் வீட்டுக்குப் போனேன். போகாதே என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினீர்கள். ஊரில் இருந்துகொண்டு சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். கதவைச் சாத்திவிடுவாளோ என்று பயந்தேன். சாத்தவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நம் ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றோட்டத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்ததே அவள் குழந்தை அமலராணி, அது தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். அதற்கப்புறம்தான் பாய் போட்டாள்.

அன்றைக்குக் குழந்தைக்குப் புகட்டிய சீசா இருக்கிறதா என்று கேட்டேன். எறியாமல் வைத்திருந்தாள். லேபிள் நம்முடையதுதான், 'நூர் ஓமத்தண்ணீர்' என்று நம் அச்சுதான். ஆனால் அடியில் இருந்த மிச்சத்தை மோந்து பார்த்தால் ஓமம் என்ற ஒன்று அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. வெறும் குளத்துத் தண்ணீர், கொஞ்சம் சீனி. தக்கையைத் திருப்பிப் பார்த்தேன். மச்சான், அதில் திருகு கம்பி இறங்கிய ஓட்டை இரண்டு இருக்கிறது! நாம் புதுத் தக்கைதானே அடிப்போம்? இன்னாசியம்மாளிடம் கேட்டேன். நான் ஒருவாட்டிதாங்க திருகுனேன், சந்தையில தரையில விரிச்சு வித்தவன்கிட்ட வாங்குனேன் என்றாள். அப்படியானால் முதல் ஓட்டை யார் போட்டது? எவனோ ஒரு பாவி நம் காலிச் சீசாவை எடுத்து, கண்ட தண்ணீரை ஊற்றி, பழைய தக்கையையே அடித்து விற்றிருக்கிறான்.

அடுப்பை அவித்து, ஓமம் வடிக்கிற வாலையைக் கவிழ்த்து, வடித்து வைத்திருந்த சீசாவையெல்லாம் கொல்லையில் போட்டு உடைத்துவிட்டு, என் கைதான் ஒரு புள்ளையக் கொல்லப் பாத்துச்சு என்று சொல்லிப் போனீர்களே, அந்தக் கையில் தப்பு இல்லை. வந்துவிடுங்கள். ஒரு ராத்திரி ரயில்தானே.

சர்புன்னிசா


786

பேகம்பூர்
22-8-1957

என் அன்பு மச்சானுக்கு ஸலாம்.

இந்தத் தடவை ஒன்பது வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கே ஆரிபாவுக்குச் சீனி கொடுத்தேன். ஆனால் வரவில்லை என்று எழுதிவிட்டீர்கள். தப்பு உங்களுடையது இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களாம், ஆனால் உங்கள் பேர் ஒட்டிய சீசாவில் எவனும் எதையும் ஊற்றலாம் என்றால், இது நான் அடைத்தது, நம்பிக் கொடு என்று இன்னொரு தாயிடம் எப்படிச் சொல்வேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். உங்களோடு சண்டை போடலாம், நியாயத்தோடு எப்படிப் போடுவது? அதனால் வேலையில் இறங்கிவிட்டேன்.

உங்கள் தம்பி பக்ருதீன் பூட்டுப் பட்டறையில் இருப்பது இப்போதுதான் எனக்கு உபயோகப்பட்டது. நான் அடைத்துத் தருகிறேன், திறந்தது தெரியாமல் திறந்து மூடிக் கொண்டுவா பார்க்கலாம் என்று பந்தயம் போட்டேன். தக்கைமேல் காகிதப் பட்டி ஒட்டினேன். கெண்டி மூக்கு ஆவியில் காட்டி, கசங்காமல் உரித்துத் திரும்ப ஒட்டிக் கொண்டுவந்தான். அரக்கு வைத்தேன். கத்தியைச் சூடு காட்டிச் சீவி எடுத்து, அதையே உருக்கி வைத்துவிட்டான். சின்னதாகத் தகரக் கொக்கி அடித்து மாட்டினேன். அதை என் கண் முன்னாலேயே கொண்டை ஊசியால் திறந்துவிட்டு, மதினி, பூட்டுக்காரன்கிட்டயே பூட்டா என்று ஒரு சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனுக்கு அன்று வெஞ்சனம் இல்லாமல் சோறு போட்டேன்.

நான்காவதாக ஒன்று செய்தேன். ஆட்டுக் குடல் சவ்வை நன்றாக அலசி, ஈரத்தோடு சீசா வாயில் இழுத்துக் கட்டினேன். காய்ந்ததும் தோலோடு தோலாகக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. பக்ருதீன் இரண்டு நாள் மல்லுக்கட்டினான், கிழியாமல் எடுக்க முடியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது காலிச் சீசாவுக்குக் கட்டிப் பழகினேன். ஒன்றை எடுத்துக்கொண்டு, நம் சரக்கை விற்றுவந்த பலசரக்குக் கடைச் சிவனம்மாளிடம் ஓடினேன். இது என்னத்தாயி மூடி, பளபளன்னு இருக்கு என்று ஆசையாகத் தடவிப் பார்த்தாள். ஆட்டுக் குடல் என்று பெருமையாகச் சொன்னேன்!

சீசாவைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், மச்சான். அடி இவளே, நானே கறி திங்கிறவதான், ஆனா பச்சப்புள்ள மருந்துமேல கொடலைக் கட்டினா எந்தத் தாய் வாங்குவா, எங்கடைக்கு வாரதுல பாதிப் பேரு சைவக்காரங்க என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தோலும் குடலும் புழங்கிய வீட்டில் பிறந்து, அதே மாதிரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அது அருவருப்பு என்று தோன்றவே இல்லை, பாருங்கள். வீட்டுக்கு வந்து நாற்பதையும் அறுத்துப் போட்டேன்.

சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, நீங்கள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

சர்புன்னிசா


786

பேகம்பூர்
14-10-1957

என் உயிரான மச்சானுக்கு, உங்கள் சர்புன்னிசாவின் ஸலாம்.

இந்தக் கடிதத்தையும் இதோடு உள்ள பொட்டலத்தையும் தோல் லாரியோடு வரும் சனாவுல்லா காக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தைப் பிரிக்குமுன் இதைப் படித்து முடியுங்கள்.

போன மாதம் தங்கச்சிக்குச் சேலை எடுக்கச் சின்னாளப்பட்டிக்குப் போனேன். சுங்குடிச் சேலை. உங்களுக்குத் தெரியும், அசல் சுங்குடி என்றால் சாயத்துக்கு முன் கட்டிய முடிச்சை அவிழ்க்காமலேதான் கையில் கொடுப்பார்கள். நெசவுக்காரம்மா ஒரு முடிச்சை என் முன்னால் சுண்டி இழுத்துக் காட்டினாள். நூல் இருந்த இடத்தில் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி. சேலையை வாங்காமல் நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி என்னைக் கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்து தக்கைமேல் மெழுகு பூசி, வெள்ளைத் துணியைக் கவிழ்த்து, கழுத்தைச் சுற்றி வெள்ளை நூலால் இறுக்கி ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அப்படியே தலைகீழாகச் சிவப்புச் சாயத்தில் முக்கிக் காயவைத்தேன். மேலே எல்லாம் சிவப்பு. நூலை அவிழ்த்தால் அடியில் துணியில் வெள்ளை வளையம், நூலின் உள்பக்கமும் வெள்ளை. திரும்பக் கட்டினால் நூல் பழைய தடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது, எங்காவது வெள்ளை எட்டிப் பார்த்துவிடுகிறது. பக்ருதீன் நான்கு நாள் பார்த்தான். தோத்துட்டேன் மதினி, அண்ணனை வரச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனான். புதுத் துணி வாங்கிச் சாயம் காய்ச்சி ஒருத்தன் முதலிலிருந்து கட்டினால் என்ன செய்வாய் என்று அவனே கேட்டான். அம்புட்டு மெனக்கெடுகிறவன் அந்த நேரத்தில் நல்ல ஓமத்தண்ணீரே இறக்கிவிடலாமே என்றேன். லேபிளில் 'வெள்ளை தெரிந்தால் வாங்காதீர்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சிவனம்மாள் கைக்குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிப் பார்த்தாள்.

இனி உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று நீங்கள் கொல்லையில் உடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு சீசாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டேன். நீங்கள் கடைசியாக இறக்கியது. ஒன்றை இப்படிக் கட்டி எடுத்துக்கொண்டு மேட்டுப்பட்டிக்குப் போனேன். யாரு எறக்குனது என்று கேட்டாள் இன்னாசியம்மாள். அவர்தான், அந்த மாசம் இறக்கியதுதான் என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளை தெரிகிறதா பார் என்று சீசாவைக் கொடுத்தேன், கழுத்தைச் சுற்றித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை எங்கேயும் இல்லை. அவளே முடிச்சை இழுத்தாள், வளையம் தெரிந்தது. நான் ஒரு மடக்குக் குடித்தேன், ஆரிபா குடித்தாள். பிறகு இன்னாசியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, தன் கையாலேயே பிள்ளைக்கு ஒரு கரண்டி புகட்டினாள். மறுநாள் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். பிள்ளை ஒரு குறையும் இல்லாமல் நடை பழகிக்கொண்டிருக்கிறது.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அண்ணனை வரச் சொல்லுங்க, எம்புள்ளைக்குப் பல்லு மொளைக்குது, வயிறு உப்பிக்கிது, நான் வேற யாருகிட்டப் போவேன் என்றாள்.

பொட்டலத்தில் இருப்பது இரண்டாவது சீசா. பிரித்ததும் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது வெள்ளை தெரிந்தால் தூக்கி எறிந்துவிட்டு அங்கேயே இருங்கள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். தெரியாவிட்டால் முடிச்சை உங்கள் கையாலேயே அவிழ்த்து மோந்து பாருங்கள். அது நீங்கள் அடைத்தது. நான் கட்டியதை உங்களைத் தவிர யாரும் அவிழ்க்கவில்லை.

பல்லைப் பொட்டலத்தில் வைக்கட்டுமா என்று ஆரிபாவிடம் கேட்டேன். தர மாட்டேன் என்கிறாள். அத்தா இங்கே வந்து பாக்கட்டும் என்கிறாள். அவளுக்குப் புதுப்பல் பாதி வந்துவிட்டது.

வாலையைப் புளி போட்டுத் துலக்கி அடுப்பில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஓமம் புடைத்து வைத்திருக்கிறேன். விறகும் அடுக்கியாயிற்று. தீ மட்டும் நான் மூட்டவில்லை.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கும்,

உங்கள்
சர்புன்னிசா