செம்பூருக்கு அப்புறம் உள்ள பாட்டு

நவம்பர் 11, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இன்று காலை செம்பூருக்கு வேலைக்குப் போக வேண்டியவள், அதற்கு நேர் எதிராக சிஎஸ்டி போகிற லோக்கல் ரயிலில் ஏறினேன். தூக்கக் கலக்கம் இல்லை. வேண்டுமென்றேதான். எட்டு ஸ்டேஷன் பின்னால், வண்டி திரும்புகிற சிஎஸ்டி வரைக்கும் போய், எல்லோரும் இறங்கின பிறகு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, அதே வண்டியில் திரும்பி வந்தேன்.

நான் வழக்கமாக ஏறுகிற ஜிடிபி நகரிலிருந்து செம்பூர் நாலே ஸ்டேஷன். நின்றுகொண்டே போய்விடலாம். பின்னே எதற்கு சீட்? சங்கரேஸ்வரிக்குக் கொடுக்காமல் இருப்பதற்கு. சீட் இருந்தால்தானே கொடுக்காமல் இருக்க முடியும்?

லேடீஸ் டப்பாவில், அதாவது ரயிலின் பெண்கள் பெட்டியில், ஒரு சட்டம் உண்டு. நிற்கிறவள் உட்கார்ந்திருப்பவளிடம் ‘எங்க இறங்குவீங்க?’ என்று கேட்டு வைத்தால், அந்த இடம் அவளுக்கு எழுதினது மாதிரி. சங்கரேஸ்வரி ஜிடிபி நகருக்கு அடுத்த சுனாபட்டியில் ஏறி, செம்பூரையும் தாண்டி வாஷியில் உள்ள ஆபீஸுக்குப் போகிறவள். இன்று என் முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பாராமல் தோடைப் பார்த்துக் கேட்டாள்.

“அக்கா, எங்க இறங்குவீங்க?”

“செம்பூர்தான், தங்கச்சி.”

கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். செம்பூர் வந்தது. எழுந்தேன். எழுந்த கையோடு நெருல் போகிற பூக்கார மௌசியின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். “இவங்க வடாலா ஸ்டேஷன்லயே சொல்லி வச்சிட்டாங்க தங்கச்சி” என்றேன். டப்பாவுக்கே சித்தியான மௌசிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்துவிட்டாள். கிடைக்கிற சீட்டை யார் விடுவார்கள்?

நல்ல நாள்.

நவம்பர் 12, செவ்வாய்

இன்றும்.

நவம்பர் 14, வியாழன்

செம்பூரில் நான் சமைக்கிற மெஸ்ஸின் முதலாளி திருவேங்கடம் கேட்கிறார்: “வடிவக்கா, கொஞ்ச நாளா அஞ்சு மணிக்கே எந்திரிச்சு எங்க போறீங்க? யோகாவா?” “ஆமா அண்ணாச்சி. மூச்ச உள்ள இழுத்து, ஒருத்திய நிக்க வைக்கிற யோகா” என்றேன். வெங்காயம் நறுக்குகிற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு எப்போதும் வரும். உள்ளே என்ன வேகிறது என்று யாருக்குத் தெரியும்?

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். போன பிப்ரவரி. நானும் அக்தர் பானுவும் வழக்கம்போல ஜிடிபி நகரில் ஏறினோம். ஆறு வருஷமாகச் சேர்ந்து ஏறுகிறவர்கள். அவள் மான்குர்டில் யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனிக்குப் போகிறவள். வயிற்றில் புற்று. ஊசி போட்டு நாலாம் நாள். கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சுனாபட்டியில் ஏறின சங்கரேஸ்வரி, யாரோ எழுந்த சீட்டைப் பிடித்து எதிரே உட்கார்ந்திருந்தாள். நான்தான் கேட்டேன்.

“தங்கச்சி, கொஞ்சம் எந்திரிங்க. உடம்பு சரியில்லாதவ.”

“எல்லாருக்குந்தான் உடம்பு சரியில்ல. நானும் பாஸ் எடுத்துத்தான் வாரேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பானு கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். செருப்புகளுக்கு நடுவில். “விடுளா வடிவு, இங்க காத்து நல்லா வருது” என்றாள். அதுதான் அவள் ரயிலில் வந்த கடைசி நாள். மே மாதம் போய்விட்டாள்.

சீட் கிடைக்காததால் செத்தாள் என்று சொல்ல நான் கிறுக்கி இல்லை. ஆனால் அந்தத் தரை – அந்தச் செருப்புகள். சங்கரேஸ்வரியை நான் பார்க்கிற வரைக்கும் அவள் உட்காரக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு.

நவம்பர் 18, திங்கள்

பானுவின் மகள் ஃபர்ஸானா போனில் பேசி அனுப்பியிருக்கிறாள். வருகிற ஏழாம் தேதி புருஷனோடு ஷார்ஜா போகிறாளாம்.

“வடிவு மாமி, உம்மா ரயில்ல பாடுற பாட்ட முழுசா பாடி அனுப்புங்க. வாப்பா ஏசுவாங்கன்னு வீட்டுல பாடவே மாட்டாங்க. என்ட்ட உம்மா குரலும் இல்ல, பாட்டும் இல்ல.”

அந்தப் பாட்டு. பானுவே கட்டினது. எத்தனை கேசட் கேட்டிருப்பேன், எத்தனை கோயில் மைக் கேட்டிருப்பேன், எனக்கு அதுபோல ஒன்று கிடையாது. ஸ்டேஷனுக்கு ஒரு அடி. வண்டி ஓடுகிற சத்தம்தான் தாளம்.

குர்லா வந்தா கூட்டம் வரும், அடி பொன்னே – உன்
கொண்டப் பூவும் கசங்கி வரும், அடி பொன்னே

சுனாபட்டி, குர்லா, திலக் நகர், செம்பூர். நாலு அடியும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதற்கு மேல்? நான்தான் செம்பூரில் இறங்கிவிடுவேனே! கோவண்டிக்கும் மான்குர்டுக்கும் அவள் என்ன பாடினாள்? ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டேனா? நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதானே இருந்தேன்.

நவம்பர் 21, வியாழன்

டப்பாவில் எல்லோரிடமும் விசாரித்தேன். மௌசிக்கு ‘அடி பொன்னே’ மட்டும் வருகிறது. அதையே பத்து தரம் பாடிக் காட்டினாள். அவளைப் போலவே மற்றவர்களுக்கும் தமிழ் கிடையாது. ‘பஹுத் அச்சா காதி தீ’ என்கிறார்கள். நன்றாகப் பாடினாள் என்று எனக்குத் தெரியாதா?

சங்கரேஸ்வரி இன்றும் நின்றாள். ஒன்பதாம் நாள்.

நவம்பர் 22, வெள்ளி

இறங்கிப் படிக்கட்டுக்குப் போகும் முன் திரும்பிப் பார்த்தேன், அவள் நிற்கிற அழகை ரசிக்கலாம் என்று. வண்டி கிளம்பியது. கம்பியைப் பிடித்தபடி சங்கரேஸ்வரி உதட்டை அசைக்கிறாள். தலையும் மெல்ல ஆடுகிறது. ஜன்னல் என்னைத் தாண்டும்போது காதில் விழுந்தது – அடி பொன்னே.

அவ வாயிலயா? எம் பானு பாட்டு அவ வாயிலயா? எடமும் குடுக்கல, பாட்டையும் திருடிக்கிட்டாளா?



நவம்பர் 25, திங்கள்

இன்று தீர்த்துவிட்டேன். அவள் வழக்கம்போல “எங்க இறங்குவீங்க?” என்று தொடங்கினாள். நான் எழுந்து நின்று டப்பாவுக்கே கேட்கிற மாதிரி, எனக்குத் தெரிந்த ஹிந்தியெல்லாம் சேர்த்து, பிப்ரவரி கதையைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்த பானு. கண்ணை மூடின மகராசி. யாரும் எதையும் விடாமல் கேட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்கள். மௌசி “சீ!” என்றாள். ஒருத்தி “இவளுக்கு யாரும் சீட் சொல்லாதீங்க” என்றாள்.

சங்கரேஸ்வரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். குர்லாவில் இறங்கிப் போய்விட்டாள்.

மெஸ்ஸுக்குப் போய் ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். திருவேங்கடம் கத்தினார். கத்தட்டும். ஒன்பது மாசத்துக்குப் பிறகு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

அவள் வரவில்லை. வேறு டப்பாவுக்கு மாறிவிட்டாள் போலிருக்கிறது. வெற்றி!

சாயங்காலம் பாத்திரம் துடைக்கும்போது திடீரென்று உறைத்தது. அடி கிறுக்கச்சி வடிவு. செம்பூருக்கு அப்புறம் அந்த டப்பாவில் தமிழ் தெரிந்த காது ஒரே ஒரு காதுதானே. அதைத்தானே நேற்று விரட்டி விட்டாய்?

நவம்பர் 29, வெள்ளி

ஃபர்ஸானா மறுபடி: “மாமி, ஏழாம் தேதி ஃப்ளைட்டு. மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை என்று அனுப்பினேன். வேறு என்ன அனுப்ப?

அவளிடம் போய்க் கேட்பதா? அதற்கு நான் நாலு அடியோடு செத்துப்போகலாம். ஆனால் ஃபர்ஸானா என்ன பாவம் செய்தாள்?

டிசம்பர் 2, திங்கள்

போனேன். சுனாபட்டி பிளாட்பாரத்தில் கடைசி லேடீஸ் டப்பா நிற்கிற இடத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“என்னக்கா, பிளாட்பாரத்துலயும் ஆள் கூட்டி ஏசணுமா?”

“அதுக்கு மைக் செட்டு சொல்லியிருக்கேன், இன்னும் வரல” என்றேன். வாய் சும்மா இருக்கிறதா? அவள் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன். “பானு பாட்டு. செம்பூருக்கு அப்புறம் உள்ளது. தெரியுமா?”



“தெரியும்.”

“சொல்லுங்க. அவ மக கேக்கா.”

“சும்மா நின்னா வராதுக்கா. வண்டி ஓடணும். கண்ண மூடிட்டுத்தான தெனமும் கேப்பேன். அந்தச் சத்தத்தோடதான் வரும்.”

ஒரு வண்டியை விட்டோம். இரண்டாவதும் வந்து போனது. அப்புறம் கேட்டே விட்டேன், அன்றைக்கு ஏன் எழுந்திருக்கவில்லை என்று.

“எல்லார் முன்னாடியும் ஒருவாட்டி முடியாதுன்னு சொல்லிட்டேன். பெறகு எந்திரிக்க வெக்கமா போச்சு. மறுநாள் பைய வச்சு எடம் போட்டு வச்சிருந்தேன், அவங்க கூட்டத்துக்குள்ள எங்கயாவது நிப்பாங்க, வருவாங்கன்னு. வாஷி வரைக்கும் ஒருத்தரையும் உக்கார விடல. அவங்க வரல.”

அன்றைக்கு நான் லீவு, பார்க்கவில்லை. பொய்யாக இருக்கலாம். நம்பினேன் என்று எழுத மாட்டேன். நம்பவில்லை என்றும் எழுத வரவில்லை.

“புதன்கிழமை பழைய டப்பாவுக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 4, புதன்

சிஎஸ்டி போய், சீட் பிடித்து, திரும்பி வந்தேன். சுனாபட்டியில் ஏறினாள். மௌசி என்னைப் பார்த்தாள், நான் என்ன செய்கிறேன் என்று.

எழுந்து இடம் கொடுக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்தேன். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு அரை இடம்தான் வரும். எனக்கும் அவ்வளவுதான் மனசு வந்தது. அவள் அதில் ஒட்டிக்கொண்டாள்.

போனில் ரெக்கார்டைத் தட்டி இரண்டு பேர் வாய்க்கும் நடுவில் பிடித்தேன். சுனாபட்டியிலிருந்து செம்பூர் வரை நான் பாடினேன். செம்பூர் வந்தது, கதவுக்கு எதிரே படிக்கட்டு வந்தது, போனது. அவள் கண்ணை மூடினாள். குரல் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் இழுக்கிற இடத்தில் பானு இழுக்கிற மாதிரியே இழுத்தாள்.

செம்பூர்ல ஒருத்தி இறங்கிப்புட்டா, அடி பொன்னே – இந்த
டப்பாக்கே காது குளுந்துபோச்சு, அடி பொன்னே

நான் இறங்கினதும் கிளம்புகிற வண்டியிலிருந்து தினமும் சிரிப்புச் சத்தம் கேட்கும். போகிற போக்கில் நான் அடித்த ஜோக்குக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று ஆறு வருஷம் நினைத்திருந்தேன். அடிப்பாவி பானு. தமிழ் தெரியாதவளுக்கெல்லாம் கையைக் காட்டி அர்த்தம் சொல்லியிருக்கிறாள். மௌசி இப்போதும் என்னைக் காட்டி, காதைப் பொத்திக் காட்டிச் சிரிக்கிறாள். பழிவாங்க ஆள் இல்லாமல் போய்விட்டாளே.

கோவண்டி தாண்டினதும் கடைசி அடி.

நாளைக்கி அவ வரலேன்னா, அடி பொன்னே – இந்த
நாசமாப்போற வண்டி நகராது, அடி பொன்னே

போனை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. சங்கரேஸ்வரிதான் வாங்கி நிறுத்திக் கொடுத்தாள்.

மான்குர்டில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து ஃபர்ஸானாவுக்கு அனுப்பினேன். படிக்கட்டில் டிக்கெட் பரிசோதிக்கிற டிசி அம்மா பாஸ் கேட்டாள். சீட் பிடிக்கிறதற்காகவே சிஎஸ்டியிலிருந்து செம்பூர் வரைக்கும் பாஸ் எடுத்திருந்தேன். செம்பூரைத் தாண்டினால் அது செல்லாதாம். ஏன் செம்பூரில் இறங்கவில்லை என்று கேட்டாள். பாட்டு முடியவில்லை என்றேன். அபராத ரசீது எழுதிக் கொடுத்தாள்.